ரியாத் ரயிலில் ஏறிய ஆட்டுக்கல்

நெடுந்தூர ரயிலில் எப்படிப் போக வேண்டும் என்று எனக்குப் பாடம் எடுக்காத ஆள் கிடையாது. எழுபதுகளின் நடுவில் நான் சவூதிக்குக் கிளம்பியபோது, ரயில் என்றால் எனக்கு மதுரையிலிருந்து மானாமதுரைக்குப் போய் வந்ததுதான். வாங்கிய கடலையைக் கொறித்து முடிப்பதற்குள் ஊர் வந்துவிடும். மெட்ராஸுக்குக்கூட பஸ்ஸில்தான் போனேன். அங்கிருந்து பம்பாய்க்கு ஒரு ப்ளேன், பம்பாயிலிருந்து சவூதியின் தஹ்ரானுக்கு இன்னொரு ப்ளேன். அங்கே என் வீட்டுக்காரர் வந்து நிற்பார். பக்கத்து ஊர் தமாம். தமாமிலிருந்து ரியாத்துக்குப் பாலைவனத்தின் குறுக்கே ரயில், பகல் முழுக்கப் போகும். என் வாழ்க்கையின் முதல் பெரிய ரயில் பயணம் அதுதான்.

செருப்பைக் கழற்றினால் தலைமாட்டில் வைத்துக்கொள் என்றார்கள். பெட்டியைச் சங்கிலி போட்டுப் பூட்டு என்றார்கள். முன்பின் தெரியாதவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்காதே, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதே என்று தெருவே சொன்னது. இவர்களில் ஒருவரும் அரபு நாட்டு ரயிலைப் படத்தில்கூடப் பார்த்ததில்லை. ஆட்டுக்கல்லோடு ரயில் ஏறினால் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஆமாம், ஆட்டுக்கல். என் வீட்டுக்காரர் ரியாத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் இன்ஜினியர். மூன்று வருஷமாக ரூமில் நண்பர்களோடு இருந்து, ரொட்டியும் பருப்பும் தின்று காலம் தள்ளியவர். குடும்பத்தை அழைத்துக்கொள்ள வீடு பார்த்ததும், இங்கே நல்ல ஜப்பான் மிக்ஸி கிடைக்கும், சாமான் எதுவும் சுமக்காதே என்று எழுதினார். அந்தக் காலத்து மிக்ஸியில் உளுந்து அரைத்தால் மாவு சூடாகிச் செத்துப்போகும். அதில் வார்த்த இட்லியை நாய்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். முன்னே பின்னே பார்க்காத ஊரில் குடித்தனம் வைக்கப் போகிறவளுக்கு, காலையில் ஒழுங்கான இட்லியாவது கண்ணில் பட வேண்டாமா? எனக்குக் கல் வேண்டும். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால்தானே வேண்டாம் என்பார்.

தமாமில் அவருடைய நண்பர் ஒருவர் குடும்பத்தோடு இருந்தார். அவர் மனைவிக்கும் மதுரைதான் ஊர். எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி. நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். எனக்கு முன்னால் அவர் கிளம்பியபோது, வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்பினார். அந்தப் பெட்டிகளோடு வைக்கோல் சுற்றிய என் ஆட்டுக்கல்லும் போய்விட்டது. கல் கொத்துகிற இடத்தில் நானே தட்டித் தட்டிப் பார்த்துப் பொறுக்கிய கல். தவிடும் அரிசியும் மாறி மாறி அரைத்துப் பழக்கி, மண் கடி போன பிறகுதான் அனுப்பினேன்.

தமாம் போய்ச் சேர்ந்த அன்று, அக்கா வீட்டுப் பின்கட்டில் கல்லைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

“என்னது இது?”

“பாத்தா தெரியல? ஆட்டுக்கல்லு.”

“உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊர் உலகத்துல நகை கொண்டு வருவாக, பட்டுச்சேலை கொண்டு வருவாக. நீ கல்லத் தூக்கிட்டு வந்திருக்கே!”

“நகையத் திங்க முடியுமா?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. “இந்தா பாரு, இத ரயில்ல ஏத்தவே விட மாட்டாங்க. எழுதி வச்சுக்க.”

“ஏத்திட்டா?”

“ஏத்திட்டா… இந்தக் கல்லு ரியாத் வீட்டு வாசப்படியத் தாண்டி உள்ள வந்துருச்சுன்னா, வெள்ளிக்கிழம தவறாம நானே உக்காந்து மாவாட்டுறேன். போதுமா?”

“வந்து சேரலேன்னா, நீங்க வாங்கித் தர்ற மிக்ஸில வாயத் தொறக்காம அரைக்கிறேன். அக்கா, கேட்டுக்கங்க.”

“கேட்டுக்கிட்டேன் கேட்டுக்கிட்டேன். நானே சாட்சி,” என்றார் அக்கா. வெள்ளிக்கிழமைதான் அந்த ஊரில் வார லீவு. அன்றைக்கு ஆம்பளை மாவாட்டுவதை மனதுக்குள் நினைத்துப் பார்த்தேன். இந்தப் பந்தயத்தில் தோற்கக் கூடாது என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன்.

கிளம்புகிற அன்று விடியற்காலையிலேயே எழுந்து உளுந்தையும் அரிசியையும் ஊறப் போட்டேன். போகும் வழியில் ஊறிக்கொண்டே வரும், சாயங்காலம் ரியாத்தில் இறங்கியதும் அரைத்தால் மறுநாள் இட்லி. கணக்கு சரியாக இருந்தது. புறப்படும்போது தண்ணீரை வடித்து டிபன் கேரியரில் அடைத்தேன். மேல் அடுக்கில் உளுந்து, கீழ் அடுக்குகளில் அரிசி.

“புளியோதரையா?” என்று ஆசையாகக் கேட்டார்.

“ஊற வச்ச உளுந்து.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கல்லையும் சும்மா அனுப்ப மனம் வரவில்லை. புதுக்கல், முதல் முதலாக வீட்டுக்குப் போகிறது. கழுவித் துடைத்து, குழவிக்கு மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். குங்குமச் சிமிழை நீட்டியதே அக்காதான். இரண்டு பேருக்கும் அது எந்த ஊர் என்கிற நினைப்பே இல்லை. சாக்கைச் சுற்றிக் கட்டி வண்டியில் ஏற்றினோம்.

தமாம் ஸ்டேஷன் நம் ஊர் மாதிரியே இல்லை. கூவி விற்கிறவன் இல்லை, தரையில் படுத்துக் கிடக்கிறவர்கள் இல்லை. சத்தமே இல்லாத ஸ்டேஷனைப் பார்த்து எனக்கு வண்டி இன்றைக்கு ஓடாதோ என்று சந்தேகம் வந்தது. சேலைக்கு மேலே போட்ட கறுப்பு அங்கி காலைத் தடுக்கத் தடுக்க, ஒரு கையில் டிபன் கேரியர், ஒரு கையில் கூஜாவோடு நடந்தேன். சாமான் சோதிக்கிற இடத்தில், தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துணி கட்டிய அதிகாரி ஒருவர் இருந்தார். பெட்டிகளைத் திறந்து பார்த்தார், மூடினார். சாக்கைக் காட்டினார். பாகிஸ்தான்காரப் போர்ட்டர் ஒருவர் கயிற்றை அவிழ்த்தார்.

சாக்கு விலகியது. மஞ்சள் பூசி, நெற்றியில் பொட்டு வைத்தாற்போலக் குங்குமம் வைத்து, குழவி குழிக்குள் நிமிர்ந்து நின்றது. நம்மூர்க்காரன் பார்த்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் நகர்ந்திருப்பான்.

“ஏஷ் ஹாதா?” என்றார் அதிகாரி. இது என்ன என்று கேட்கிறார். அவர் குரலே மாறிவிட்டது.

போர்ட்டர் ஓரடி பின்னால் போனார். பிறகு இந்தியில் என் வீட்டுக்காரரிடம் ஏதோ கேட்டார். இவர் முகம் வெளுத்துப்போய் என்னைப் பார்த்தார். “சாமி கும்பிடுற கல்லான்னு கேக்குறாங்க. அதெல்லாம் இந்த ஊர்ல கொண்டு போகக் கூடாது. ஏம்மா, யாரு உன்னை இதுக்குப் பொட்டு வைக்கச் சொன்னது?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடிப்பாவி, நானே என் கல்லுக்கு வினை வைத்துவிட்டேன்! இவர் வேலை பார்க்கும் நாடு. ஒரு வம்பு வந்தால் எங்கே போய் நிற்பது?

இவர் தனக்குத் தெரிந்த அரபியும் இந்தியும் கலந்து, சமையல் சாமான், இட்லி, மாவு என்று கைகளை ஆட்டிச் சொல்லிப் பார்த்தார். அதிகாரி கத்தவில்லை, மிரட்டவில்லை. நிதானமாகத் தலையை ஆட்டி, “மாஃபி,” என்றார். கல் போகாது, நீங்கள் போகலாம் என்று கையைக் காட்டினார். சுவரோரம் ஒதுக்கி வைக்கச் சொன்னார்.

“விட்டுத் தொலை. வா போவோம், வண்டி கிளம்பப் போகுது,” என்றார் இவர். முகத்தில் கவலை இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பும் இருந்தது. மனுஷன் பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷத்தை ஒளிக்கப் பார்க்கிறார்! அதைக் கண்டதும் என் பயமெல்லாம் எங்கே போனதோ, உச்சந்தலை வரைக்கும் கோபம் ஏறிவிட்டது.

“ஒரு நிமிஷம் பொறுக்கச் சொல்லுங்க.”

“என்ன பண்ணப் போறே?”

“சொல்லுங்கங்கறேன்ல.”

கூஜாத் தண்ணீரை ஊற்றி மஞ்சளையும் குங்குமத்தையும் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். கறுப்பு அங்கியை இழுத்துச் செருகிக்கொண்டு, அங்கேயே தரையில் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தேன். “ஐயோ, மானம் போகுது, எந்திரி,” என்று இவர் முணுமுணுத்தார். டிபன் கேரியரின் மேல் அடுக்கைத் திறந்து உளுந்தைக் குழியில் கொட்டினேன். வலது கையால் குழவியைப் பிடித்துச் சுற்ற ஆரம்பித்தேன்.

முதலில் கடகடவென்று சத்தம்தான் வந்தது. உளுந்து இன்னும் முழுசாக ஊறியிருக்கவில்லை. கடவுளே, இன்றைக்கு மட்டும் என் மானத்தைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டேன், அதுவும் வாய்க்குள்ளேதான். இடது கையால் தள்ளிவிட்டுக்கொண்டே, தண்ணீர் தெளித்துத் தெளித்துச் சுற்றினேன். சுற்றிலும் ஆட்கள் கூடிவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி மெத்தென்று ஆனது. உளுந்து பொங்க ஆரம்பித்தது. வெள்ளை வெளேரென்று நுரைத்துக் குழியின் விளிம்புக்கு ஏறியது.

அதிகாரி குனிந்து பார்த்தார். நான் ஒரு விரலில் மாவை எடுத்துக் காட்டினேன். அவரும் தயங்கித் தயங்கித் தொட்டு, இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். போர்ட்டர், “மாஷ் கீ தால்!” என்று சந்தோஷமாகக் கத்தினார். அவர்கள் ஊரிலும் அந்தப் பருப்பு உண்டு போல. அதிகாரிக்கு அவர் அரபியில் விளக்கினார். அதிகாரி என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தரையில் கிடந்த டிபன் கேரியரைப் பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் மொத்தக் கூட்டமும் சிரித்தது.

“கலாஸ்,” என்றார். முடிந்தது, போகலாம்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எழுந்து நின்று, எந்தப் பாஷை என்று யோசிக்காமல், “ரொம்ப நன்றிங்க ஐயா,” என்று தமிழிலேயே சொன்னேன்.

அதற்குள் வண்டி ஊதிவிட்டது. குழி நிறைய மாவு. சாய்த்தால் கொட்டிவிடும், கல் ஏற வேண்டிய சாமான் பெட்டியோ வண்டியின் கடைசியில் இருந்தது. அதிகாரியே பக்கத்திலிருந்த ரயில் பெட்டியைக் காட்டி, “யல்லா! யல்லா!” என்று எல்லோரையும் விரட்டினார். இரண்டு போர்ட்டர்கள் கல்லைச் சாயாமல் தூக்கிக்கொண்டு, “ஆராம் சே, பாய், ஆராம் சே,” மெதுவாக, மெதுவாக என்று ஒருவருக்கொருவர் சொல்லியபடி ஓடினார்கள். குழவியைத் தூக்க ஆள் இல்லை. என் வீட்டுக்காரர் தூக்கினார். புதுச் சட்டையெல்லாம் மாவு வழிய, பச்சைப் பிள்ளையை ஏந்துவது மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு அந்தப் பிளாட்பாரத்தில் அவர் ஓடியதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு அடங்காது.

அது பெண்கள் உட்காரும் பெட்டி. குழவியைக் கொடுத்துவிட்டு இவர் ஆண்கள் பக்கம் போய்விட்டார். நானும் என் கல்லும் மட்டும் நடுவில். சுற்றிலும் கறுப்பு அங்கி போட்ட அரபுப் பெண்கள், எல்லோர் கண்ணும் என் மேல். வண்டி நகர்ந்தது. அரைகுறையாக அரைத்த மாவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மறுபடி உட்கார்ந்தேன்.

எனக்குச் சொல்லி அனுப்பிய எதுவும் அந்த ரயிலில் உதவவில்லை. படுக்கையே இல்லை, அதனால் செருப்புக்குத் தலைமாடும் இல்லை. சங்கிலி போட்டுக் கட்ட வேண்டிய அவசியமும் இல்லை, அந்தக் கல்லை எவன் தூக்கிக்கொண்டு ஓடுவான்? வெளியே மணல், மணல், மேலும் மணல். எப்போதாவது ஒட்டகம் வந்தது. நடுவில் ஹுஃபூஃப் என்ற ஊரில் மட்டும் கண் கொள்ளாத அளவுக்குப் பேரீச்ச மரங்கள், பச்சைப் பசேலென்று. அதைத் தாண்டினால் திரும்பவும் மணல்.

எதிரே இருந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். ஃபிளாஸ்கிலிருந்து சின்னக் கோப்பையில் கஹ்வா ஊற்றி, பேரீச்சம்பழத்தோடு நீட்டினாள். முன்பின் தெரியாதவர்கள் கொடுத்தால் வாங்காதே என்ற குரல்கள் காதில் கேட்டன. போங்கடி என்று வாங்கிக்கொண்டேன். சர்க்கரையே இல்லாத, ஏலக்காய் தூக்கலான காபி. முதல் வாய்க்குக் கஷாயம் மாதிரி இருந்தது, பழத்தைக் கடித்துக்கொண்டு குடித்தால் அமிர்தமாக இருந்தது. இரண்டாவது கோப்பையை நானே நீட்டிக் கேட்டேன்.

உளுந்தை வழித்து எவர்சில்வர் குண்டானில் போட்டேன். குண்டானுக்குள் அடைத்துக் கொண்டு வந்திருந்த துணிகளையெல்லாம் ஏற்கெனவே சீட்டில் குவித்திருந்தேன். அரிசியைக் கல்லில் போட்டபோது அந்தப் பெண் எழுந்து வந்து, நான் சுற்றட்டுமா என்று கையால் கேட்டாள். கையில் கிடந்த தங்க வளையல்களை மேலே ஏற்றிவிட்டு உட்கார்ந்தாள். முதல் சுற்றிலேயே அவள் விரல் நசுங்கப் பார்த்தது. “ஏய், பாத்து, கைய எடு கைய எடு!” என்று நான் தமிழில் அலறினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இடது கையை எப்போது விட வேண்டும், எப்போது எடுக்க வேண்டும் என்று அவள் கையைப் பிடித்துக் காட்டினேன். அப்புறம் பாருங்கள், ஆளுக்கு ஆள் போட்டி. ஒருத்தி சுற்ற, ஒருத்தி தண்ணீர் தெளிக்க, இன்னொருத்தி மாவை நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிக்க, பெட்டி முழுக்க ஒரே கும்மாளம். ஒருத்திக்குக்கூட என் பாஷை தெரியாது, எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. அன்றைக்கு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன். ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் எப்போது இறங்கியது என்றே தெரியவில்லை.

உப்புப் போட்டுக் கரைத்து, குண்டானை மூடி, துண்டால் இறுக்கிக் கட்டி வைத்தேன். வெயிலில் பெட்டி கொதித்தது. மாவுக்கு அதுதானே வேண்டும்!

ரியாத்தில் இறங்கியதும் அந்தப் பெண் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள். ஒரு பிக்கப் வண்டி பிடித்து, கல்லைப் பின்னால் ஏற்றினோம். குண்டான் இவர் மடியில். இரண்டு தெரு தாண்டியிருக்க மாட்டோம், “அய்யய்யோ!” என்று இவர் கத்தினார். மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, பேன்ட்டில் வழிந்துகொண்டிருந்தது.

“ராத்திரி முழுக்கப் புளிக்க வேண்டிய மாவு. உங்க ஊரு வெயிலு நல்ல வெயிலுங்க,” என்றேன்.

வீட்டு வாசலில் அவரும் டிரைவரும் கல்லை இறக்கினார்கள். இறக்கிய இடத்திலேயே இவர் கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தார். “இங்கனயே இருக்கட்டும். நல்லா காத்தோட்டமா இருக்கும்.”

வாசப்படிக்கு இந்தப் பக்கம்! எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறார் பாருங்கள். டிரைவர் வாடகையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் குனிந்து கல்லைத் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. இவர் தூணில் சாய்ந்துகொண்டு, “வாசப்படியத் தாண்டினாத்தான் கணக்கு. அக்காவே சாட்சி,” என்றார்.

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. இவரோடு முன்பு ரூமில் இருந்த மூன்று பேர் அங்கேதான் குடியிருந்தார்கள். மூன்று பேரும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள், கல்யாணமாகாதவர்கள். புதுசாக வந்த அண்ணியைப் பார்க்க வந்தவர்கள் என்னைப் பார்க்கவே இல்லை.

“டேய், ஆட்டுக்கல்லுடா!” என்றான் ஒருவன்.

இன்னொருவன் குண்டானை மோந்து பார்த்தான். “அண்ணி… இது இட்லி மாவா?”

“ஆமாந்தம்பி. கல்லு உள்ள வந்தா நாளைக்குக் காலைல எல்லாருக்கும் இட்லி. வெளியவே இருந்தா உங்க அண்ணன்தான் உங்களுக்குப் பதில் சொல்லணும்.”

“டேய், டேய், வேணாம்டா, நில்லுங்கடா,” என்று இவர் சொல்லி முடிக்கவில்லை. மூன்று பேரும் சேர்ந்து அலாக்காகத் தூக்கி, வாசப்படியைத் தாண்டி, சமையற்கட்டு வரைக்கும் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் அவர்கள் தின்ற இட்லிக்குக் கணக்கில்லை. பேச்சே இல்லை. சட்னி, சட்னி என்ற சத்தம் மட்டும்தான். அதில் ஒருவன் நடுவில் நிறுத்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டான். என் வீட்டுக்காரரும் தின்றார். நன்றாயிருக்கிறது என்று மட்டும் சொல்லவில்லை, ஆனால் தட்டை நாலு தடவை நீட்டினார்.

அதற்கு மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் உளுந்தைக் கழுவிக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். பந்தயச் செய்தி பரவியிருக்கிறது போல, பக்கத்து வீட்டுக்காரர்கள் மூன்று பேரும் சமையற்கட்டு வாசலில் வந்து நின்றுகொண்டார்கள். இவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்தார். குழவியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். இன்னொரு சுற்று.

“எவ்வளவு நேரம் ஆட்டணும்?” என்றார்.

“பொங்குற வரைக்கும்,” என்றேன். எதிரே சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, என் காபியைக் குடித்தேன்.